மூச்சைக் கேட்காதீங்க... அர்த்தத்தைக் கேளுங்க!

உங்கள் வகுப்பில் ராமு என்ற பையன், பக்கத்தில் இருப்பவனைப் போட்டு அடித்துக் கொண்டிருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் தான் கிளாஸ் லீடர். அது இங்கிலீஷ் பீரியட். இங்கிலீஷில் தான் பேச வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. சத்தம் போடாமல், ஒரு துண்டுச் சீட்டில், "டோன்ட் ஹிட் ராமு" என்று எழுதி, அவனிடம் நீட்டுகிறீர்கள்.

படித்துப் பார்த்த ராமு என்ன செய்வான் தெரியுமா? சந்தோஷமாகச் சிரிப்பான்! ஏனென்றால், நீங்கள் எழுதியிருப்பது, "ராமுவை அடிக்காதே" என்று. அடி வாங்குகிறவனை விட்டு விட்டு, அடிக்கிறவனுக்குப் பாதுகாப்பு கொடுத்து விட்டீர்கள்.

"டோன்ட் ஹிட், ராமு" என்று, நடுவில் ஒரே ஒரு கமா போட்டிருந்தால், "அடிக்காதே ராமு" என்று ஆகியிருக்கும். எழுத்து மாறவில்லை, வார்த்தை மாறவில்லை. கடுகு அளவு ஒரு புள்ளி, அதற்கு ஒரு குட்டி வால். குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பதையே அது மாற்றி விடுகிறது.

இந்தக் கமாவைப் பற்றித் தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன். ஆங்கில வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து, அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டே படியுங்கள், சுலபமாகப் புரியும்.

சளி பிடித்தால் கமா கூடுமா?

"கமா எங்கே போட வேண்டும்?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "படிக்கும் போது எங்கே மூச்சு வாங்குகிறாயோ, அங்கே போடு" என்பர். காலம் காலமாகச் சொல்லப்படும் அறிவுரை இது. இதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். நன்றாக நீச்சல் அடிக்கிற பையன், ஒரு பாரா முழுவதையும் ஒரே மூச்சில் படித்து விடுவான். அவன் கட்டுரையில் கமாவே இருக்காது. சளி பிடித்து மூக்கடைத்த பையன், மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிற்பான். அவன் கட்டுரையில் கமா மழை கொட்டும். இரண்டு பேரும் எழுதியது ஒரே கட்டுரை என்றால், யாருடையது சரி?

கமா, மூச்சுக்காகப் போடுவது அல்ல. "இந்த வார்த்தையை அந்த வார்த்தையோடு சேர்த்துப் படித்து விடாதே" என்று, படிப்பவருக்கு நாம் சொல்கிற சேதி அது. ஆகவே, மூச்சைக் கேட்காதீர்கள், அர்த்தத்தைக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவு தான்.

அப்படியென்றால், மூச்சுக் கதை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்து நாட்டின் அலெக்சாண்ட்ரியா நகரில் மிகப் பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அதன் தலைவராக இருந்த அரிஸ்டோபேனஸ் என்ற கிரேக்க அறிஞர் ஒரு வேலை செய்தார். அந்தக் காலத்துக் கிரேக்க நூல்களில், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கூடக் கிடையாது. எல்லா எழுத்தும் ஒட்டிக் கொண்டு, ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். அதை உரக்கப் படிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதற்காக, மேலே, நடுவே, கீழே என்று புள்ளிகள் வைக்கும் முறையைக் கொண்டு வந்தார். வாக்கியத்தின் சிறு துண்டுக்குக் கிரேக்க மொழியில், "கோமா" என்று பெயர். வெட்டி எடுத்த துண்டு என்று பொருள். அந்தப் பெயர் தான் பிறகு குறிக்கே பெயராகி, "கமா" ஆனது.

பின், 1490களில், இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸ் என்பவரின் புத்தகங்களில், வால் வைத்த கமா, இப்போது நாம் பார்க்கிற உருவத்தில் வந்தது.

அன்று பெரும்பாலும் வாய் விட்டுத் தான் படித்தனர். ஆகவே, மூச்சு விடும் இடத்தைக் குறிப்பது நியாயமாக இருந்தது. இன்று நாம் பெரும்பாலும் மனசுக்குள் படிக்கிறோம். மனசுக்கு ஏது மூச்சு? அதற்குத் தேவை அர்த்தம் தான்!

நமக்கு ஏன் இது குழப்புகிறது?

நம் ஓலைச்சுவடிகளில் கமா கிடையாது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம், அச்சுப் புத்தகங்கள் வந்த பிறகு, ஐரோப்பிய மொழிகளைப் பார்த்து நாம் எடுத்துக் கொண்டவை. பெயர் மட்டும் நம்முடையது. எவ்வளவு அழகான பெயர்கள் பாருங்கள்... கால், அரை, முக்கால், முழுசு!

கமா இல்லாமலேயே தமிழ் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் சமாளித்தது? அங்கே தான் விஷயமே இருக்கிறது.

"ராமுவை அடிக்காதே" என்பதில், "ஐ" என்ற வேற்றுமை உருபு இருக்கிறது. "ராமு அடிக்காதே" என்பதில் அது இல்லை. அந்த ஒரு, "ஐ" போதும். அடி யாருக்கு என்று தெரிந்து விடும். கமா போட்டாலும் போடா விட்டாலும் தமிழில் குழப்பம் வராது. ஆங்கிலத்தில், பெயரோடு ஒட்டிக் கொண்டு வரும் அப்படிப்பட்ட, "ஐ" கிடையாது. கூப்பிட்டாலும் ராமு தான். அடித்தாலும் ராமு தான். அதனால், நம் மொழியில், "ஐ" செய்கிற வேலையை, அங்கே கமா செய்ய வேண்டியிருக்கிறது.

இதைப் புரிந்து கொண்டால், பாதிக் கிணறு தாண்டியாச்சு. கமா அங்கே வெறும் அலங்காரம் இல்லை. நம் வேற்றுமை உருபு மாதிரி, வேலை செய்கிற உறுப்பு. "நாங்க தமிழ் மீடியம், எங்களுக்கு இங்கிலீஷ் கமா எல்லாம் வராது" என்று யாரும் பயப்பட வேண்டாம். உருபு படித்த உங்களுக்குக் கமா ஒரு பெரிய விஷயமே இல்லை.

இனி, எங்கெங்கே போட வேண்டும் என்று பார்ப்போமா?

1. கூப்பிடும் போது...

ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால், அந்தப் பெயரைக் கமாவால் பிரித்து விட வேண்டும்.

"கால் மீ ராணி" என்றால், "என்னை ராணி என்று கூப்பிடு" என்று அர்த்தம். "கால் மீ, ராணி" என்றால், "ராணி, எனக்குப் போன் பண்ணு" என்று அர்த்தம். இந்தக் கமாவை விட்டு விட்டு, உங்கள் தோழி ராணிக்கு மெசேஜ் அனுப்பினால், "இவளுக்கு என்ன ஆச்சு... என் பெயர் இவளுக்கு எதுக்கு?" என்று தான் அவள் நினைப்பாள்.

"யெஸ், நோ" என்று பதில் சொல்லும் போதும் இதே கதை தான். ஒரு விளையாட்டுத் திடலுக்குப் போகிறீர்கள். "இங்கே குழந்தைகள் வரக் கூடாதா?" என்று வாட்ச்மேனைக் கேட்கிறீர்கள். அவர், "நோ, சில்ட்ரன் ஆர் அலௌடு" என்றால், "அப்படி இல்லை, குழந்தைகள் வரலாம்" என்று அர்த்தம். அதையே கமா இல்லாமல், "நோ சில்ட்ரன் ஆர் அலௌடு" என்று போர்டில் எழுதி வைத்தால், அவ்வளவு தான்... குழந்தைகள் யாருக்கும் அனுமதி இல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டியது தான்!

2. அடுக்கும் போது...

"ராமுவும், மாலாவும், பீட்டரும் வந்தனர்" என்று தமிழில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு, "உம்" கொடுக்கிறோம். ஆங்கிலம் கொஞ்சம் கஞ்சம். கடைசியில் ஒரே ஒரு, "அண்ட்" தான் தரும். மற்ற இடங்களில் எல்லாம், "அண்ட்"டுக்குப் பதிலாகக் கமா தான் நிற்கும்.

அம்மா உங்களைக் கடைக்கு அனுப்புகிறார். சீட்டில், "பை மில்க் பவுடர், பிஸ்கட்ஸ் அண்ட் டீ" என்று இருந்தால், பால் பவுடர் ஒரு டப்பா வாங்க வேண்டும். "பை மில்க், பவுடர், பிஸ்கட்ஸ் அண்ட் டீ" என்று இருந்தால், பாலும் வேண்டும். முகத்துக்குப் போடுகிற பவுடரும் வேண்டும். ஒரு கமாவால் வாங்கும் சாமானே மாறி விட்டது பாருங்கள்.

"இதெல்லாம் சும்மா வேடிக்கைக்கு" என்கிறீர்களா? அமெரிக்காவில் உண்மையிலேயே இது நடந்திருக்கிறது. 1872ல் போட்ட ஒரு வரிச் சட்டத்தில், வெளிநாட்டில் இருந்து வரும், "ஃபுரூட் பிளான்ட்ஸ்" அதாவது, பழ மரக் கன்றுகளுக்கு வரி வேண்டாம் என்று எழுத நினைத்தனர். முந்தைய சட்டத்தில், அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே கமா இல்லை. புதுச் சட்டத்தில், அந்த இடத்தில் கமா விழுந்து விட்டது. "ஃபுரூட், பிளான்ட்ஸ்" என்றால் என்ன? பழம் ஒன்று, செடி ஒன்று! அப்புறம் என்ன... ஆரஞ்சு, எலுமிச்சை என்று பழங்களைக் கொண்டு வந்த வியாபாரிகள் எல்லாம், "எங்களுக்கும் வரி கிடையாது" என்று கிளம்பி விட்டனர். 1874ல் சட்டத்தைத் திருத்திய பிறகு தான் பிரச்னை தீர்ந்தது. அதற்குள் அரசுக்கு ஏற்பட்ட நஷ்டம், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் என்கின்றனர்.

நீங்கள் போட்ட கமா சரியா என்று பார்க்க, ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கமா இருக்கும் இடத்தில், "அண்ட்" வைத்துப் படியுங்கள். பொருத்தமாக இருந்தால் கமா சரி. "மில்க் அண்ட் பவுடர்" வேண்டாம் என்றால், அந்தக் கமாவும் வேண்டாம்.

3. முன்னால் ஒரு துண்டு வந்தால்...

"வென், வைல், இஃப், ஆஃப்டர்" என்று தொடங்கும் துண்டு, வாக்கியத்தின் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் கமா போட வேண்டும்.

"வைல் த டாக் வாஸ் ஈட்டிங் த கேட் ரேன் அவே" என்று எழுதிப் பாருங்கள். பாதி வரை படித்தால், "நாய், பூனையைத் தின்று கொண்டிருந்த போது" என்று வருகிறது. ஐயோ, பாவம் பூனை என்று பதறுகிறோம். அடுத்த நொடி, "ரேன் அவே" என்று வருகிறது. யார் ஓடியது? திரும்ப முதலில் இருந்து படிக்க வேண்டும்.

"ஈட்டிங்" என்ற வார்த்தைக்குப் பின் ஒரு கமா போட்டு விடுங்கள். நாய் தன் பாட்டுக்குச் சாப்பிடுகிறது. பூனை நைசாகத் தப்பி ஓடுகிறது. ஒரு கமாவால் ஓர் உயிர் பிழைத்தது!

அதே துண்டு வாக்கியத்தின் பின்னால் வந்தால், பெரும்பாலும் கமா தேவைப்படாது. "த கேட் ரேன் அவே வைல் த டாக் வாஸ் ஈட்டிங்" என்றால், யாருக்கும் குழப்பம் இல்லையே... பின் எதற்குக் கமா?

4. வேலி போடும் போது...

இது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. ஆனால், சின்னவர்களும் முயற்சி பண்ணலாம்.

"த ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட் ஸ்டுட் அவுட்சைட்." அர்த்தம், தாமதமாக வந்த மாணவர்கள் மட்டும் வெளியே நின்றனர். நேரத்துக்கு வந்தவர்கள் உள்ளே இருக்கின்றனர்.

இப்போது, "ஹூ கேம் லேட்" என்ற துண்டின் இரண்டு பக்கமும் கமா போடுங்கள். "த ஸ்டூடன்ட்ஸ், ஹூ கேம் லேட், ஸ்டுட் அவுட்சைட்." அர்த்தம் மாறி விட்டது! மாணவர்கள் எல்லாருமே தாமதமாக வந்தனர். எல்லாருமே வெளியே நின்றனர். காலையில் சீக்கிரம் எழுந்து, பஸ் பிடித்து, மணி அடிக்கும் முன் வந்து உட்கார்ந்த பிள்ளையையும் இந்த இரண்டு கமாவும் குற்றவாளி ஆக்கி விட்டன. எவ்வளவு பெரிய அநியாயம்!

தமிழில், "மதுரையில் இருக்கும் என் அண்ணன் டாக்டர்" என்று சொன்னால், உங்களுக்கு ஒரே அண்ணனா, இரண்டு மூன்று அண்ணன்களா என்று தெரியாது. ஆங்கிலத்தில் கமாவே அதைச் சொல்லி விடும். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்" என்று வேலி போட்டு எழுதினால், சகோதரர் ஒருவர் தான். வேலி இல்லாமல் எழுதினால், பலர் இருக்கின்றனர். அதில் மதுரைக்காரரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பொருள்.

கேள்வி இது தான்: அந்தத் துண்டைத் தூக்கி எறிந்தாலும், யாரைச் சொல்கிறீர்கள் என்பது தெரியுமா? தெரியும் என்றால், இரண்டு பக்கமும் கமா. தெரியாது என்றால், கமா கூடாது. ஒரு பக்கம் மட்டும் போட்டு நிறுத்தி விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வேலி போட்டால், ஆடு இன்னொரு பக்கம் வழியாக வந்து விடாதா?

போடவே கூடாத இடங்கள்

கமா போடாமல் விடுவதைப் போலவே, கண்ட இடத்தில் தூவி விடுவதும் தப்பு. நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக் கொள்வது, மூன்று இடங்களில். மூன்றுமே தமிழ் வாசனையில் வருவது தான்.

முதலாவது, எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில். "என் பெரிய அக்கா, கல்லூரியில் படிக்கிறாள்" என்று தமிழில் கமா போட்டால், யாரும் கேட்பதில்லை. அதே பழக்கத்தில், "மை எல்டர் சிஸ்டர், ஸ்டடீஸ் இன் எ காலேஜ்" என்று எழுதக் கூடாது. யார் செய்தார், என்ன செய்தார் என்ற இரண்டும் கையைக் கோர்த்துக் கொண்டு நடப்பவை. நடுவில் புகுந்து பிரிக்காதீர்கள்.

இரண்டாவது, "தட்" என்ற வார்த்தைக்குப் பின். தமிழில், "என்று" எழுதிய பின் நின்று பழகி விட்டோம். அதனால், "ஹீ செட் தட், ஹீ வாஸ் ஹங்ரி" என்று எழுதி விடுகிறோம். தேவையே இல்லை. "ஹீ செட் தட் ஹீ வாஸ் ஹங்ரி" போதும்.

மூன்றாவது, இரண்டு முழு வாக்கியங்களை, வெறும் கமாவால் ஒட்டுவது. "மழை பெய்தது, வீட்டுக்குப் போனோம்" என்று தமிழில் எழுதுவோம். "இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட் ஹோம்" என்று ஆங்கிலத்தில் எழுதினால், தப்பு என்று சுழித்து விடுவர். கால் புள்ளிக்கு, முழுப் புள்ளியின் வேலையைச் செய்ய வலு போதாது. "ஸோ" என்று ஒரு துணைக்கு ஆள் அனுப்புங்கள். "இட் வாஸ் ரெய்னிங், ஸோ வீ வென்ட் ஹோம்." அல்லது, முற்றுப்புள்ளி வைத்து விட்டு, புது வாக்கியம் தொடங்குங்கள்.

50 லட்சம் டாலர் கமா!

இன்னொரு சண்டை இருக்கிறது. "ஆப்பிள், ஆரஞ்சு அண்ட் கிரேப்ஸ்" என்று எழுதும் போது, "அண்ட்"டுக்கு முன்னால் கமா வேண்டுமா, வேண்டாமா? அதற்கு, "ஆக்ஸ்போர்டு கமா" என்று பெயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் பின்பற்றியதால் வந்த பெயர். சிலர் போடுவர், சிலர் போட மாட்டார்கள். இரண்டுமே சரி தான். ஆனால், அந்தக் கமா இல்லாததால் ஒரு பெரிய வழக்கே நடந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், "ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி" என்று ஒரு பால் நிறுவனம். அங்கே பால் வண்டி ஓட்டும் டிரைவர்கள், கூடுதல் நேரம் வேலை பார்த்ததற்கு ஓவர்டைம் சம்பளம் கேட்டு, 2014ல் வழக்குப் போட்டனர். அந்த மாநிலச் சட்டத்தில், எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. உணவுப் பொருட்களைப் பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமித்து வைப்பது என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில், "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று இருந்தது. "ஆர்" என்ற வார்த்தைக்கு முன் கமா இல்லை.

நிறுவனம் என்ன சொன்னது? "பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிபியூஷன், அதாவது வினியோகம் இன்னொரு வேலை. டிரைவர்கள் வினியோகம் செய்கின்றனர். அதனால் ஓவர்டைம் கிடையாது."

டிரைவர்கள் என்ன சொன்னார்கள்? "அங்கே கமா இல்லையே... அனுப்புவதற்காகவோ, வினியோகிப்பதற்காகவோ, 'பேக்' பண்ணுவது என்ற ஒரே வேலை தான் அது. நாங்கள் எங்கே பேக் பண்ணினோம்? வண்டி தானே ஓட்டினோம்?" இன்னொன்றையும் காட்டினர். பட்டியலில் உள்ள மற்ற வேலைகள் எல்லாம், பேக்கிங், டிரையிங், ஸ்டோரிங் என்று, "இங்" என முடிகின்றன. டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் அப்படி முடியவில்லை. ஆகவே, அது தனி வேலை இல்லை என்றனர்.

கீழ்க் கோர்ட்டில் நிறுவனம் ஜெயித்தது. டிரைவர்கள் விடவில்லை. 2017 மார்ச்சில், அப்பீல் கோர்ட், "சட்டம் தெளிவாக இல்லை. தெளிவில்லாத இடத்தில், தொழிலாளிக்குச் சாதகமாகத் தான் பொருள் கொள்ள வேண்டும்" என்ற முடிவுக்கு வந்தது. 2018ல் நிறுவனம் சமாதானமாகப் போய், 50 லட்சம் டாலர் தர ஒப்புக் கொண்டது. அந்தச் சட்டத்தையும், அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதி விட்டனர்.

விடிகாலையில் எழுந்து, பனியில் வண்டி ஓட்டிய ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய கூலியை, ஒரு கமா முடிவு செய்திருக்கிறது. இனி, "ஒரு கமா தானே..." என்று சொல்வீர்களா?

ஆகவே, ஆக்ஸ்போர்டு கமா விஷயத்தில் என் யோசனை: உங்கள் பாடப்புத்தகம் எப்படி எழுதுகிறதோ, அப்படியே எழுதுங்கள். ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் போட்டு, ஓரிடத்தில் விடாதீர்கள். ஆனால், போடா விட்டால் அர்த்தம் குழம்பும் என்று தோன்றினால், தயங்காமல் போட்டு விடுங்கள்.

டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை

கமாவுக்காக மார்க் குறைப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். அர்த்தம் மாறாத இடத்தில் கமா கூடினாலும், குறைந்தாலும், மார்க்கைக் குறைக்க வேண்டாம். சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்பது என் கருத்து. அர்த்தம் மாறும் இடத்தில் தப்பு செய்தால், அரை மார்க் என்ன, ஒரு மார்க்கே குறைக்கலாம். அப்படிச் செய்தால், பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்வதை விட்டு, அர்த்தத்தை யோசிக்கத் தொடங்குவர். டீச்சர்கள் என் மீது கோபப்படக் கூடாது!

"போனில் டைப் பண்ணினால், அதுவே திருத்தி விடுகிறதே... நாங்கள் ஏன் கற்றுக் கொள்ள வேண்டும்?" என்று சில சுட்டிகள் கேட்பீர்கள். "கால் மீ ராணி", "கால் மீ, ராணி" இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள். உங்களுக்கு ராணி போன் பண்ண வேண்டுமா, அல்லது நீங்களே ராணி ஆக வேண்டுமா என்பது, போனுக்கு எப்படித் தெரியும்? அது உங்கள் மனசுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நேரில் பேசும் போது நமக்குக் குரல் இருக்கிறது, கை இருக்கிறது, முகம் இருக்கிறது. தப்பாகப் புரிந்து கொண்டால், "அட, அப்படி இல்லப்பா" என்று உடனே திருத்தலாம். எழுதி அனுப்பிய காகிதத்தோடு நாம் போக முடியாது. நமக்குப் பதிலாக, அங்கே நின்று, "இதை இப்படிப் படி" என்று சொல்லப் போவது, அந்தக் குட்டி வால் புள்ளி தான். அதைச் சரியான இடத்தில் நிறுத்துவது, படிப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை.

உங்களுக்கு ஒரு வேலை

கீழே நாலு வாக்கியங்கள். எதற்குக் கமா வேண்டும், எதற்கு வேண்டாம்? மூச்சைக் கேட்காமல், அர்த்தத்தைக் கேட்டு எழுதுங்கள்.

1. "ஐ நோ மாலா." (எனக்கு ஏற்கனவே தெரியும் என்று மாலாவிடம் சொல்ல வேண்டும்.)

2. "வென் த டீச்சர் கால்டு ரவி ஸ்டுட் அப்."

3. "அம்மா மேட் லெமன் ரைஸ் அண்ட் வடா." (எலுமிச்சை சாதமும், வடையும்.)

4. "மை கிராண்ட்ஃபாதர்ஸ் ஓல்டு பைசிகிள் இஸ் இன் த ஷெட்."

விடைகள்: 1. "நோ" என்ற வார்த்தைக்குப் பின் கமா. இல்லா விட்டால், "எனக்கு மாலாவைத் தெரியும்" என்று ஆகி விடும். 2. "கால்டு" என்ற வார்த்தைக்குப் பின் கமா. 3. கமா வேண்டாம். இரண்டே பொருள்; நடுவில், "அண்ட்" இருக்கிறது. "லெமன்" பக்கத்தில் கமா போட்டிருந்தால், உங்களுக்குச் சோறும், ஒரு முழு எலுமிச்சம்பழமும் தான் கிடைக்கும்! 4. கமா வேண்டாம். வாக்கியம் நீளமாக இருக்கிறதே என்று, "பைசிகிள்" பக்கத்தில் மூச்சு வாங்கியவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்!